கோபன்ஹேகன் பழைய நகரை வழிகாட்டி இல்லாமல் ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: கையில் ஒரே ஒரு முழு நாள். குழுவோடு போக விருப்பமில்லை, காதில் மாட்டும் ஒலி வழிகாட்டியும் வேண்டாம். கோபன்ஹேகனின் பழைய நகரப் பகுதியை நடந்தே பார்க்க எந்தப் பாதை, எவ்வளவு நேரம், எதில் கவனம் வேண்டும்?

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பாதை மொத்தம் ஆறிலிருந்து ஏழு கிலோமீட்டர். நிற்காமல் நடந்தால் இரண்டு மணி நேரம் போதும். பார்த்து, ஏறி, உட்கார்ந்து, சாப்பிட்டு நடந்தால் காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரை ஆகும். ரோட்ஹுஸ்பிளாட்சன் எனும் நகர மன்றச் சதுக்கத்தில் தொடங்கி, பழைய கடற்கரை ஓரமாக இறங்கி, அரண்மனைத் தீவைக் கடந்து, கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன் போய், நியூஹாவ்ன் வழியாக அமாலியன்போர்க் அரண்மனையில் முடிகிறது. ஊர் தட்டையாக இருப்பதால் மேடேறும் வேலை கிடையாது. கால் வலி என்று வந்தால் அது கருங்கல் பாவிய தெருக்களால் வருவதுதான். மெல்லிய அடிப்பாகமுள்ள செருப்பு வேண்டாம். தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால், பல சந்துகளில் நடைபாதையை ஒட்டி வழவழப்பான அகலக் கல் வரிசை ஒன்று ஓடுவதைப் பார்க்கலாம். அதிலேயே உருட்டிப் போங்கள்.

இடப்பெயர்களை டேனிய எழுத்துக்கூட்டலை ஒட்டியே எழுதுகிறேன், வரைபடத்தோடு ஒப்பிட வசதியாக இருக்கும். உள்ளூர்க்காரர் உச்சரிப்பு வேறு மாதிரி, பாதி எழுத்துகளை விழுங்கிவிடுவார்கள். குறுக்குக் கோடு போட்ட 'ஓ', தலையில் வளையம் வைத்த 'ஏ' ஆகிய எழுத்துகள் உங்கள் கைபேசியில் இல்லையென்றால் கவலை வேண்டாம். கோடும் வளையமும் இல்லாமல் அடித்தாலும் வரைபடம் கண்டுபிடித்துவிடும். சில சொற்கள் தெரிந்தால் பாதி வழி தெரிந்த மாதிரி: காடெ என்றால் தெரு, ஸ்ட்ரேடெ என்றால் சந்து, டோர்வ் சந்தைச் சதுக்கம், ப்ரோ பாலம், ஹாவ்ன் துறைமுகம், வோல்ட் கோட்டை மதில், போர்ட் வாசல். வெஸ்டர்வோல்ட், நோர்ரெவோல்ட், ஓஸ்டர்வோல்ட் என்று தெருப்பெயர்களில் 'வோல்ட்' வரும் இடமெல்லாம் ஒரு காலத்தில் மதில் இருந்த இடம். அந்த வளையத்துக்குள் அடங்கியதுதான் பழைய நகரம். மதில்களை இடித்தது 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்.

இனி மிக முக்கியமான விஷயம். இந்த ஊரை வாசிக்க மூன்று ஆண்டுகளை நினைவில் வைத்தால் போதும்: 1728, 1795, 1807. முதல் இரண்டும் பெருந்தீ. 1728 அக்டோபரில் நகரின் கால் பங்குக்கு மேல் எரிந்தது. 1795 ஜூனில் கடற்படைக் கிடங்கில் பற்றிய தீ மூன்று நாள் நின்றெரிந்தது. 1807 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படையும் தரைப்படையும் ஊர் மீது குண்டுகளும் ராக்கெட்டுகளும் பொழிந்தன. ஆகவே தெருக்களின் வளைவு நெளிவு இடைக்காலத்தையது, வீடுகளோ பெரும்பாலும் இந்த மூன்று அழிவுகளுக்குப் பின் கட்டியவை. எது எப்போது கட்டியது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தெருமுனை வீட்டின் மூலையைப் பாருங்கள். 1795 தீயில் ஏணி வண்டிகளும் தண்ணீர் இயந்திரங்களும் கூர்மையான முனைகளில் திரும்ப முடியாமல் தவித்ததால், அதன்பின் எழுந்த வீடுகளின் மூலையைச் சாய்வாக வெட்டிக் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. மூலை வெட்டியிருந்தால் 1795க்குப் பிந்தையது. மூலை கூராக, நெற்றியில் பெரிய முக்கோண முகப்போடு குறுகலாக நின்றால் பெரும்பாலும் 1728 தீக்குப் பின் வந்தது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்து நடந்தால் வழிகாட்டிப் பலகைகள் இல்லாமலே ஊர் தன் வயதைச் சொல்லும்.

தொடக்கம் ரோட்ஹுஸ்பிளாட்சன். மெட்ரோ எம்3 வளையப் பாதையில் இதே பெயரில் நிலையம் இருக்கிறது. சிவப்புச் செங்கல் நகர மன்றம் மார்ட்டின் நியூரோப் வடிவமைத்தது, 1905இல் திறந்தது, கோபுரம் 105.6 மீட்டர். வாசலுக்கு மேலே பொன்முலாம் பூசி நிற்பவர் பிஷப் அப்சலோன். 1167இல் இங்கே கோட்டை கட்டியவராக ஊரின் வரலாறு அவரிடமிருந்துதான் தொடங்கும். இந்த இடத்தில் பத்து நிமிடம் போதும்.

எதிரே தொடங்குவது ஸ்ட்ரோகெட். வரைபடத்தில் இப்படி ஒரு தெருவைத் தேடிக் குழம்பாதீர்கள். ஃப்ரெடெரிக்ஸ்பெர்காடெ, நியூகாடெ, விம்மெல்ஸ்காஃப்டெட், அமாகர்டோர்வ், ஓஸ்டர்காடெ ஆகிய ஐந்தும் சேர்ந்த நீட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் அது. சுமார் 1.1 கிலோமீட்டர். 1962 நவம்பர் 17 அன்று கார்களை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு மட்டும் விட்டார்கள். அப்போது கடைக்காரர்கள் பயந்தார்கள், இன்று உலகின் பல நகரங்கள் இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கின்றன. ஆனாலும் ஒரு நாள் பயணிகள் செய்யும் பெரிய தவறு, இந்தத் தெருவை முனையிலிருந்து முனை வரை நடந்துவிட்டு பழைய நகரைப் பார்த்துவிட்டதாக நினைப்பது. இங்கிருப்பவை பெரும்பாலும் எல்லா ஊரிலும் இருக்கும் கடைகள். நாம் இதில் முன்னூறு மீட்டர் மட்டும் நடந்து விலகிவிடுவோம்.

தெரு திடீரென்று விரியும் இடம் இரண்டு சதுக்கங்கள்: இடப்பக்கம் காம்மெல்டோர்வ், அதாவது பழைய சந்தை, வலப்பக்கம் நியூடோர்வ், புதிய சந்தை. இரண்டுக்கும் நடுவில் தரையைப் பாருங்கள். கல்லின் நிறம் மாறி ஒரு கட்டடத்தின் எல்லைக்கோடு தெரியும். 1795 தீயில் எரிந்த பழைய நகர மன்றம் நின்ற இடம் அது. பலர் அதன் மேலேயே நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள், கீழே பார்ப்பதில்லை. காம்மெல்டோர்வில் இருக்கும் காரிடாஸ் நீரூற்று அரசர் நான்காம் கிறிஸ்டியான் காலத்தது, 1608. நியூடோர்வில் தூண்களோடு நிற்கும் நீதிமன்றத்தை சி. எஃப். ஹான்சன் கட்டி 1815இல் முடித்தார். அதன் நெற்றியில் இருக்கும் வரி 1241ஆம் ஆண்டின் யூட்லாந்துச் சட்டத்தின் தொடக்க வரி: சட்டத்தைக் கொண்டே நாட்டைக் கட்ட வேண்டும் என்று பொருள். தத்துவவாதி கீர்க்ககார்ட் 1813இல் பிறந்த வீடு இந்த நீதிமன்றத்தை ஒட்டி இருந்தது. 1908இல் அதை இடித்துவிட்டார்கள்.

காம்மெல்டோர்வின் மேல் முனையிலிருந்து நோர்ரெகாடெயில் ஏறினால் வோர் ஃப்ரூ கிர்கெ, தலைநகரின் பேராலயம். 1807இல் குண்டு வீசியவர்களுக்கு இதன் உயரமான கூர்கோபுரம்தான் குறி. கோபுரம் எரிந்து சாய்ந்தது. மறுபடி கட்டியவரும் ஹான்சன்தான், 1829இல் முடிந்தது. இம்முறை கூர்கோபுரம் வைக்காமல் தட்டையாக விட்டார். உள்ளே தோர்வால்ட்சன் செதுக்கிய கிறிஸ்து சிலையும் பன்னிரண்டு சீடர்களும் இருக்கிறார்கள். நுழைவு இலவசம். ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும், அப்போது சுற்றிப் பார்க்கப் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நடப்பவர்கள் இந்த ஆலயத்தைப் பாதையிலிருந்து எடுத்துவிட்டு வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். எதிரே 1479இல் தொடங்கிய பல்கலைக்கழகம்.

அங்கிருந்து ஸ்டோரெ கனிகெஸ்ட்ரேடெ என்ற சந்து நேராக ருண்டெடோர்ன், அதாவது வட்டக் கோபுரத்தின் காலடியில் கொண்டுவிடும். நாளில் ஒரே ஒரு கோபுரம்தான் ஏற முடியும் என்றால் இதில் ஏறுங்கள். 1637இல் தொடங்கி 1642இல் முடிந்தது. மாணவர் ஆலயம், பல்கலைக்கழக நூலகம், வான் ஆய்வகம் மூன்றையும் ஒரே கட்டடத்தில் வைக்க நான்காம் கிறிஸ்டியான் திட்டமிட்டார். உள்ளே படிக்கட்டு இல்லை. செங்கல் பாவிய சரிவுப்பாதை ஏழரைச் சுற்று சுற்றி மேலேறுகிறது. பாதையின் நீளம் 209 மீட்டர், தளத்தின் உயரம் 34.8 மீட்டர். நூல்களையும் கருவிகளையும் மேலே கொண்டுபோக இந்தச் சரிவு வசதியாக இருந்தது. 1716இல் ரஷ்யாவின் ஜார் பீட்டர் குதிரையிலேயே ஏறினார் என்பார்கள். வயதானவர்களோடு வருபவர்களுக்கு ஒரு சூட்சுமம்: உள்தூணை ஒட்டி நடந்தால் தூரம் 85.5 மீட்டர்தான், ஆனால் சரிவு செங்குத்தாக இருக்கும். வெளிச்சுவரை ஒட்டினால் 268.5 மீட்டர், ஆனால் மூச்சு வாங்காது. கடைசியில் மட்டும் குறுகலான படிக்கட்டு ஒன்று உண்டு, கூட்டம் இருந்தால் அங்கேதான் நெருக்கும். நூலகத்தை 1728 தீ தின்றுவிட்டது.

மேலே நின்று கூரைகளை ஒரு சுற்றுப் பாருங்கள். எங்கெல்லாம் போகப் போகிறோமோ அத்தனையும் தெரியும். தெற்கே கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனைக் கோபுரம், அதற்கு அப்பால் சுருள் சுருளாக ஏறும் வோர் ஃப்ரெல்செர்ஸ் ஆலயத்தின் கூர்முனை, கிழக்கே பளிங்கு ஆலயத்தின் பச்சைக் குவிமாடம். திசை மனதில் பதிந்துவிட்டால் பிறகு கைபேசியை அடிக்கடி பார்க்கத் தேவையிருக்காது.

இறங்கினால் கோப்மாகர்காடெ. தினமும் காலை 11:30க்கு ரோசன்போர்க் அரண்மனை அருகிலுள்ள படைவீட்டிலிருந்து அரச காவலர்கள் அணிவகுத்துக் கிளம்பி, இந்தத் தெரு வழியாகப் போய், 12 மணிக்கு அமாலியன்போர்க்கில் காவல் மாறுகிறார்கள். காவல் மாற்றத்துக்காக நண்பகலில் அங்கே ஓடினால் இந்த நடைப்பாதை முழுவதும் குலைந்துவிடும். அணிவகுப்பை மட்டும் இங்கேயே பதினொன்றே முக்காலுக்கு நின்று பார்த்துக்கொள்வது என் பரிந்துரை. அரசர் அரண்மனையில் தங்கியிருக்கும் நாள்களில் இசைக்குழுவும் கூட வரும்.

கழிப்பறை, சற்று உட்கார இடம் இரண்டும் வேண்டுமானால் பக்கத்திலேயே க்ரிஸ்டால்காடெயில் நகரத் தலைமை நூலகம் இருக்கிறது, யாரும் உள்ளே போகலாம். சாப்பாட்டுக்கு, ஐந்தாறு நிமிட நடையில் நோர்ரெபோர்ட் நிலையத்தை ஒட்டிய டோர்வெஹாலர்னெ சந்தைக் கூடம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பாதையில் தெரிவு அதிகமுள்ள இடம் அதுதான். தெருவோர வண்டிகளில் விற்கும் சாசேஜ் பெரும்பாலும் பன்றி இறைச்சி, கேட்டு வாங்குங்கள். அடுமனைகளில் கிடைக்கும் பட்டைச் சுருள் ரொட்டியை 'கனெல்ஸ்நெயில்' என்று கேட்க வேண்டும். பட்டை நத்தை என்று பொருள். பணம் யூரோ இல்லை, டேனிய குரோனர். கிட்டத்தட்ட எங்கும் அட்டையைத் தொட்டுத்தான் கட்டுவார்கள், நோட்டு மாற்றி வைத்துக்கொள்ள அவசியமில்லை. குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், பாட்டில் கையில் இருந்தால் போதும்.

கோப்மாகர்காடெயில் தெற்கே வந்து வலப்பக்கம் லோவ்ஸ்ட்ரேடெயில் திரும்பினால் க்ரோப்ரொட்ரெடோர்வ். சாம்பல் அங்கித் துறவிகள் 1238இல் அமைத்த மடம் இருந்த இடம், பெயரும் அதனால்தான். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு என்று வண்ண வீடுகள், நெற்றியில் முக்கோண முகப்புகள், 1728 தீக்குப் பின் வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. டேனிய மொழியில் இவற்றுக்குத் 'தீ வீடுகள்' என்றே பெயர். துரோகி எனத் தீர்ப்பான கோர்ஃபிட்ஸ் உல்ஃபெல்ட்டின் மாளிகையை 1664இல் இங்கே இடித்துத் தரைமட்டமாக்கி, அவமானத் தூண் ஒன்றை நட்டார்கள். அந்தத் தூண் இப்போது தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவிலுள்ள மரத்தடியில் உட்காருங்கள், இந்த நாளின் அமைதியான அரை மணி இதுவாக இருக்கும்.

நீல்ஸ் ஹெமிங்சன்ஸ் காடெயில் தெற்கே இறங்கினால் ஹெல்லிகோன்ட்ஸ் கிர்கெ. ஆலயம் 1728இல் எரிந்தது, பக்கத்திலுள்ள இடைக்கால மருத்துவமனைக் கூடம் மட்டும் தப்பியது. அதன் தாழ்ந்த செங்கல் சுவரைப் பார்த்தால், அந்தக் கால ஊர் எவ்வளவு சிறியதாக, தரையோடு தரையாக இருந்தது என்று விளங்கும். தாண்டினால் அமாகர்டோர்வ். நாரை நீரூற்றைச் சுற்றி எப்போதும் கூட்டம், நிற்காமல் ஹொய்ப்ரோ பிளாட்சுக்குப் போய்விடலாம். இந்த நீண்ட சதுக்கம் திட்டமிட்டு உருவானதன்று. 1795இல் எரிந்த வீட்டு வரிசையைத் திரும்பக் கட்டாமல் விட்டதால் கிடைத்த வெளி. குதிரை மேல் இருப்பவர் அதே அப்சலோன்.

முன்னே பாலம் தெரியும். பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து கால்வாய்க்குள் பாருங்கள். நீருக்கடியில் சிலைக் கூட்டம் ஒன்று இருக்கிறது. மனிதப் பெண்ணை மணந்து பிள்ளைகளோடு கைவிடப்பட்ட கடல்மனிதனின் கதை அது. வெயில் நாளில் பாசி படிந்த உருவங்கள் தெளிவாகத் தெரியும், காற்றடித்தால் தெரியாது, இரவில் விளக்கு போட்டிருப்பார்கள்.

பாலத்தைக் கடக்காமல் வலப்பக்கம் திரும்பி காம்மெல் ஸ்ட்ராண்டில் நடங்கள். பெயரே 'பழைய கடற்கரை'. மீன் விற்ற பெண்களுக்கு இங்கே ஒரு சிலை இருக்கிறது. அப்படியே நேரே போனால் ஸ்நாரெகாடெ, அடுத்து மாக்ஸ்ட்ரேடெ. இந்த மூன்றின் வளைவும் இடைக்காலக் கடற்கரையின் வளைவு. இடப்பக்கம் இருக்கும் வீடுகளெல்லாம் பின்னால் கடலைத் தூர்த்த நிலத்தில் நிற்கின்றன. மாக்ஸ்ட்ரேடெ 17, 19 எண் வீடுகள் 1730களைச் சேர்ந்தவை. ஊரில் பழைய கருங்கல் பாவு மிச்சமிருக்கும் சந்துகளில் இவை முதன்மையானவை. 'மாக்' என்பது கழிப்பிடத்துக்கான பழைய சொல். நீரோரத்தில் பொதுக் கழிப்பிடம் இருந்ததால் வந்த பெயர். மொத்தம் இருநூறு மீட்டர்கூட இல்லாத தூரம். அவசரப்படாமல், மேலே பார்த்து ஒரு முறை, தரையைப் பார்த்து ஒரு முறை நடங்கள்.

மாக்ஸ்ட்ரேடெ முடியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பி ரோட்ஹுஸ்ஸ்ட்ரேடெ வழியாக ஃப்ரெடெரிக்ஸ்ஹோல்ம்ஸ் கால்வாய்க்கு வாருங்கள். தேசிய அருங்காட்சியகம் இங்கே. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், இந்த நடையில் நுழைய வேண்டாம். எதிரே இருக்கும் பளிங்குப் பாலத்தைக் கடந்து அரண்மனையின் பின்பக்கமாக உள்ளே போவதுதான் சரியான வழி. பெரும்பாலானோர் முன்வாசலுக்குப் போய்விடுவதால் இதைத் தவறவிடுகிறார்கள். பாலமும், குதிரைப் பயிற்சித் திடலும், அதைச் சுற்றியுள்ள தாழ்ந்த கட்டடங்களும் 1740களைச் சேர்ந்த முதல் கிறிஸ்டியான்ஸ்போர்க்கின் மிச்சம். அரண்மனை 1794இல் எரிந்தது. அடுத்துக் கட்டியது 1884இல் எரிந்தது. இப்போது நிற்பது மூன்றாவது, 1928இல் முடிந்தது. நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், பிரதமர் அலுவலகம் மூன்றும் ஒரே கூரையின் கீழ். கோபுரம் 106 மீட்டர், நகர மன்றத்தைவிட நாற்பது சென்டிமீட்டர் கூடுதல். மின்தூக்கியில் மேலே போகலாம், கட்டணம் இல்லை, ஆனால் பைச் சோதனையும் வரிசையும் உண்டு, திங்களன்று மூடல். கட்டடத்துக்கு அடியில் அப்சலோன் கோட்டையின் இடிபாடுகள், இதற்கு டிக்கெட் வேண்டும், முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மழை வந்தால் ஒதுங்க நல்ல இடம்.

நாடாளுமன்ற முற்றத்திலிருந்து நூலகத் தோட்டத்துக்கு ஒரு வாசல் இருக்கிறது. நான்காம் கிறிஸ்டியானின் போர்க்கப்பல்கள் வந்து நின்ற உள்துறைமுகத்தைத் தூர்த்து 1920இல் அமைத்த தோட்டம். கப்பலைக் கட்டிய இரும்பு வளையம் இன்னும் சுவரில் இருக்கிறது. ஒரு துறைமுகம் எப்படி நிலமாக மாறியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மர நிழல், பெஞ்சுகள், கூட்டம் கிடையாது.

முன்பக்கம் வந்தால் போர்சன், பழைய வணிகச் சந்தை. 1619இல் தொடங்கியது, நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு மேலேறும் கூர்கோபுரத்தால் பெயர் பெற்றது. பழைய படங்களை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்கள் இங்கே திகைக்கிறார்கள். 2024 ஏப்ரல் 16 அன்று தீ பிடித்து கோபுரம் சாய்ந்தது, கட்டடத்தில் பாதிக்கு மேல் எரிந்தது. வழியில் போனவர்களும் ஊழியர்களும் கைமாற்றிக் கைமாற்றி ஓவியங்களை வெளியே கொண்டுவந்தார்கள். மீண்டும் கட்டும் வேலை தொடங்கியிருக்கிறது, சாரக்கட்டும் வேலியும் இருக்கும், சுற்றிப் போக வேண்டியிருக்கலாம். 1728, 1795 என்று காலையிலிருந்து படித்துக்கொண்டு வந்த ஆண்டுகளின் வரிசையில் இன்னொன்று நம் காலத்திலேயே சேர்ந்துவிட்டது. கால்வாய்க்கு எதிர்க்கரையில் ஹோல்மென்ஸ் கிர்கெ. 1563இல் நங்கூரம் அடிக்கும் பட்டறையாகக் கட்டி, 1619இல் கடற்படையினருக்கான ஆலயமாக மாற்றியது. இரண்டு பெருந்தீயிலும் தப்பியது.

கிறிஸ்டியான்ஸ்ஹாவ்னுக்குப் போகும் க்னிப்பெல்ஸ்ப்ரோ பாலத்தில் காற்று வேகமாக அடிக்கும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே சைக்கிள் பற்றிச் சொல்லியாக வேண்டும். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே, விரலளவு உயரத்தில் இன்னொரு தடம் ஓடும். அது சைக்கிள் பாதை. படம் எடுக்க அதில் ஒரு அடி பின்னால் வைப்பதுதான் வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரில் நேரும் முக்கிய ஆபத்து. வேலைக்குப் போகிறவர்கள் வேகமாக வருவார்கள், மணியடிப்பது எச்சரிக்கை, திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே நடைபாதைக்கு ஏறிவிட வேண்டும். பாலத்தில் மாலை நான்கு மணிக்கு மேல் இன்னும் கவனம்.

பாலம் இறங்கியதும் இடப்பக்கம் ஸ்ட்ராண்ட்காடெ. நான்காம் கிறிஸ்டியான் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலைத் தூர்த்து அமைத்த வணிகர் நகரம் இது. தெருக்கள் நேர்கோடு, நடுவில் கால்வாய், டச்சு முறை. சிறிது தூரத்தில் ஆசியாடிஸ்க் பிளாட்ஸ். தமிழ் வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். 1616இல் அரசர் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்க, ஓவெ கியெட்டெ தலைமையில் 1618இல் கப்பல்கள் கிளம்பி, முதலில் இலங்கை சேர்ந்தன. அங்கே எண்ணம் பலிக்காமல், 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்பாடு கண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். ஓலை வடிவத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய நாயக்கரின் மடல் இன்றும் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1732இல் வந்த ஆசியக் கம்பெனியின் தலைமையகம்தான் ஸ்ட்ராண்ட்காடெ 25. ஃபிலிப் டெ லாங்கெ 1730களின் இறுதியில் கட்டியது. நீரோரத்தில் நிற்கும் பெரிய கிடங்கு எய்க்ட்வெட் வடிவமைத்தது, 1750. சோழமண்டலக் கரையின் துணிமூட்டைகளும் சீனத் தேயிலையும் வந்திறங்கிய துறை இது. 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கட்டடங்கள் இன்று வெளியுறவு அமைச்சகத்தின் கையில் இருப்பதால் உள்ளே போக முடியாது, சதுக்கத்தில் நடக்கலாம். விளக்கப் பலகைகளை நம்பி வந்தால் ஏமாற்றம்தான், தெரிந்துகொண்டு வந்து நிற்பவர்களுக்கே இந்த இடம் பேசும்.

சங்க்ட் அன்னெ காடெயில் உள்ளே திரும்பி, கால்வாயைக் கடந்தால் வோர் ஃப்ரெல்செர்ஸ் கிர்கெ. ஆலயம் 1696இல் முடிந்தது, சுருள் கூர்கோபுரம் 1752இல் லவ்ரிட்ஸ் டெ தூரா சேர்த்தது. உயரம் 90 மீட்டர், 400 படிகள், அதில் கடைசி 150 படிகள் வெளிப்புறமாகவே சுற்றி ஏறுகின்றன. போகப் போகக் குறுகி, முடிவில் கால் வைக்க மட்டும் இடம் இருக்கும். உயரம் கண்டு தலை சுற்றுபவர்கள் ஏறவே வேண்டாம், பாதியில் திரும்பினால் எதிரே ஏறிவருபவர்களோடு நெருக்கடி. பலத்த காற்று, மழை என்றால் மூடிவிடுவார்கள், குளிர்காலத்திலும் மூடல் உண்டு. நேரம் குறித்த டிக்கெட் என்பதால் முன்கூட்டியே எடுக்க வேண்டும், ஆனால் வானிலையைப் பார்த்து அதே நாள் காலையில் எடுப்பது நல்லது. சுருள் தவறான பக்கம் திரும்பிவிட்டதால் அதை வடிவமைத்த தூரா மேலிருந்து குதித்துவிட்டார் என்ற கதையை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1759இல்தான் இறந்தார். கோபுரம் மூடியிருந்தாலும் ஆலயத்துக்குள் போய், ஆர்கன் இசைக்கருவியின் பாரத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு யானைகளைப் பாருங்கள்.

கால் ஓய்ந்துவிட்டால் பக்கத்திலேயே கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன் மெட்ரோ, ஒரே நிறுத்தத்தில் கொங்கென்ஸ் நியூடோர்வ். டிசம்பரில் நடப்பவர்கள் இதைத்தான் செய்ய வேண்டும். அப்போது சூரியன் காலை எட்டரைக்குப் பிறகு உதித்து மாலை மூன்றரை மணி வாக்கில் மறைந்துவிடும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் அவசரமே இல்லை.

நடப்பவர்கள் மீண்டும் ஸ்ட்ராண்ட்காடெ வந்து வடக்கே கடைசி வரை போய், 2016இல் திறந்த இன்டெர்ஹாவ்ன்ஸ்ப்ரோன் பாலத்தில் ஏறினால் நியூஹாவ்னின் வாயில் இறங்கலாம். கப்பல் வந்தால் பாலம் இருபுறமும் விலகித் திறக்கும், காத்திருக்க வேண்டும். நீரோரங்களில் பெரும்பாலும் தடுப்பு வேலி கிடையாது, குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

நியூஹாவ்ன் கால்வாயை 1670களின் தொடக்கத்தில் ஐந்தாம் கிறிஸ்டியான் வெட்டினார், வெட்டியவர்கள் சுவீடிஷ் போர்க்கைதிகள். ஒற்றைப்படை எண்கள் வடக்கு வரிசை, வெயில் பக்கம், அஞ்சலட்டையில் வரும் வண்ண வீடுகள் இவைதான். படம் எடுக்க எதிரே தெற்குக் கரையில் நில்லுங்கள். ஒன்பதாம் எண் வீடு 1681, இருப்பதிலேயே பழையது. கதைசொல்லி ஆண்டர்சன் 20, 67, 18 எண் வீடுகளில் வெவ்வேறு காலத்தில் குடியிருந்தார். உணவகங்களில் உட்கார்ந்தால் இடத்துக்கான விலையையும் சேர்த்தே கட்டுவோம். உள்ளூர் இளைஞர்கள் கடையில் வாங்கி வந்து கரையின் கட்டைச்சுவரில் உட்கார்ந்துகொள்கிறார்கள், அதையே செய்யலாம்.

கொங்கென்ஸ் நியூடோர்வில் குதிரை மேலிருக்கும் ஐந்தாம் கிறிஸ்டியான் சிலை 1688இல் ஈயத்தில் வார்த்தது. ஈயம் தன் பாரத்திலேயே தொய்ந்துபோனதால் இருபதாம் நூற்றாண்டில் வெண்கலத்தில் மாற்றி வார்த்தார்கள். இங்கிருந்து பிரெட்காடெயில் வடக்கே பத்து நிமிடம். ஊரின் முகமே மாறிவிடும்: வளைந்த சந்துகள் போய், 1750களில் எய்க்ட்வெட் அளந்து போட்ட அகலமான நேர்த் தெருக்கள். இடப்பக்கம் பளிங்கு ஆலயம். 1749இல் அடிக்கல், பணம் தீர்ந்து நூறாண்டுக்கு மேல் இடிபாடாக நின்று, 1894இல்தான் முடிந்தது. குவிமாடத்தின் விட்டம் 31 மீட்டர். வலப்பக்கம் திரும்பினால் எண்கோண முற்றத்தைச் சுற்றி நான்கு ஒரே மாதிரி மாளிகைகள், அதுதான் அமாலியன்போர்க். பிரபுக்களுக்காகக் கட்டியவை. 1794இல் கிறிஸ்டியான்ஸ்போர்க் எரிந்தபோது வீடிழந்த அரச குடும்பம் இங்கே வந்து, அப்படியே தங்கிவிட்டது. கொடி பறக்கும் மாளிகையில் ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முற்றத்தின் நடுவே குதிரை மேல் ஐந்தாம் ஃப்ரெடெரிக். பிரெஞ்சுச் சிற்பி சாலி பல ஆண்டுகள் உழைத்து வடித்த சிலை, 1771இல் திறந்தது. வட ஐரோப்பாவின் சிறந்த குதிரைச் சிலைகளில் ஒன்று என்று இதைச் சொல்வார்கள். அதற்கான செலவை ஏற்றது ஆசியக் கம்பெனி, மதியம் ஸ்ட்ராண்ட்காடெயில் நின்று பார்த்தோமே, அதே கம்பெனி. திரும்பிப் போக, பளிங்கு ஆலயத்தின் பின்புறமே மெட்ரோ நிலையம்.